மேலே ஏற்றினால் விழுகிறது: ஒரு வெள்ளைப் பக்கத்தின் வரலாறு

"என்னோட லெப்டொப்புல ஓடுதேக்கா!"

கணினி படிக்கிற தம்பி தங்கச்சிமார் எல்லாரும் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிற வசனம் இது. இறக்குவானையில இருந்து சொன்னாலும் சரி, சென் பிரான்சிஸ்கோவில இருந்து சொன்னாலும் சரி, வசனம் ஒண்ணுதான். வீட்டில் ஒழுங்காக ஓடிய வெப் ஆப்பைக் கிளவுட் சேர்வருக்கு ஏற்றிவிட்டு லிங்கைத் திறந்தால், "அப்ளிகேஷன் எரர்" என்று ஒரு வெள்ளைப் பக்கம் வந்து நிற்கும். இரண்டு வரி ஆங்கிலம். லொக்கைப் பாருங்கள் என்று ஒரு புத்திமதி. அவ்வளவுதான்.

இது டெக்னிக்கல் சமாச்சாரம்தானே, இதில் என்ன வரலாறு என்று கேட்கலாம். இருக்கு. அந்த எரர் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் எடுத்த முடிவு இருக்கிறது. உங்கள் மெஷின் எப்படி இருக்கும், உங்கள் சட்டைப்பையில் என்ன இருக்கும் என்று அவர்கள் போட்ட கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் சப்ரகமுவவின் தோட்டப் பிள்ளைகள் இருக்கவில்லை. ஆனாலும் ஒரு பத்து வருசம் போல, தற்செயலாக, கதவு திறந்துதான் கிடந்தது.

நம்ம பக்கத்தின் நிலைமையை ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்கள் நுவரெலியாவைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பவை அல்ல. இறப்பரும் தேயிலையும் கலந்து, நடுவில் சிங்களக் கிராமங்கள், மறுபடி ஒரு தோட்டம், அப்புறம் ஒரு டவுன். தெரணியகலையில் ஒரு பிள்ளை புரோகிராமிங் படித்தால், அதே விசயத்தைப் படிக்கிற அடுத்த தமிழ்ப் பிள்ளை காவத்தையில் இருக்கும். பக்கத்து லயத்தில் போய் "இதைக் கொஞ்சம் பாரேன்" என்று கேட்க ஆள் கிடையாது. ஆகவே ஒரு லிங்க்தான் எல்லாம். கொழும்பில் ஒரு கம்பனிக்கு இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பள்ளிக்கூடப் பெயரைக் கண்டு யாரும் அசரப் போவதில்லை. "இதுதான் நான் செஞ்சது, அமுக்கிப் பாருங்க" என்று அனுப்ப ஒரு லிங்க் வேண்டும். அந்த லிங்கை அமுக்கினால் வெள்ளைப் பக்கம் வரக்கூடாது.

கிளவுட் வருவதற்கு முன்னாடி இந்தப் பிரச்சினை எப்படி இருந்தது என்பதற்கு நம்ம நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி வந்த சில வாரங்களுக்குள் இலங்கையின் மென்பொருள் தன்னார்வலர்கள் 'சஹன' என்ற வெப் ஆப்பை எழுதினார்கள். காணாமல் போனவர்கள், முகாம்கள், உதவி நிறுவனங்கள் ஆகிய விவரங்களைப் பதிவதற்கு. பி.எச்.பி.யும் மைஎஸ்கியூஎல்லும்தான் அடிப்படை. லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதற்கு வீடாக இருந்தது. அவசரத்தில் எழுதியது, இங்கே வேலை செய்தது. ஆனால் அதை இன்னொரு நாட்டில், இன்னொரு மெஷினில் நிறுத்த வேண்டும் என்று வந்தபோதுதான் தெரிந்தது, அது இந்த ஒரு இடத்துக்கென்றே தைத்த சட்டை என்று. 2005இல் பெரும்பகுதியைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. அதன் பிறகு அது பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் போனது. 2006ஆம் ஆண்டுக்கான ஃப்ரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனின் சமூக நல விருதும் கிடைத்தது. உலகமே பாராட்டிய ஒரு இலங்கை ஆப்புக்கும் "எங்க மெஷின்ல ஓடுதே" என்ற நோய் இருந்தது என்பதைத் தம்பிமார் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

அந்தக் காலத்தில் ஆப்பை நிறுத்துவது என்றால் சேர்வரை நீங்களே கட்ட வேண்டும். இயங்குதளம் போட வேண்டும், டேட்டாபேஸ் போட வேண்டும், எது எந்த வேர்ஷன் என்று பார்க்க வேண்டும். 2006இல் அமேசன் தன் கம்பியூட்டர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. வாடகைக்குக் கிடைத்தது வெறும் அறைதான். கரண்ட், தண்ணி எல்லாம் நாமதான் இழுக்கணும். 2008 ஏப்ரலில் கூகுள் 'ஆப் எஞ்சின்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் எல்லாம் இருந்தது. ஆனால் மொழி பைத்தன் மட்டும், டேட்டாபேஸ் கூகுளின் சொந்த வகை. அங்கே எழுதிய ஆப்பைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போவது பெரும்பாடு.

(இதைப் படிக்கும்போது எனக்கு நம்ம 'துண்டு' ஞாபகம் வரும். தொழிலாளியின் கடனை எழுதிக் கொடுக்கிற சீட்டு. அந்தக் கடனைப் பொறுப்பெடுக்கிற தோட்டத்துக்குத்தான் அவர் மாறிப் போகலாம். 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கூகுளோடு இதை ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனால் ஒரு இடத்தில் சேருமுன் "இங்கேயிருந்து எப்படிப் போறது?" என்று கேட்கிற பழக்கம் நம்மவர்களுக்கு இரத்தத்திலேயே இருக்க வேண்டும்.)

2007இல் சென் பிரான்சிஸ்கோவில் ஜேம்ஸ் லின்டன்பாம், அடம் விகின்ஸ், ஓரியன் ஹென்றி என்ற மூன்று பேர் 'ஹெரோகு'வைத் தொடங்கினார்கள். முதலில் அது பிரவுசருக்குள்ளேயே ரூபி கோட் எழுதுகிற ஒரு எடிட்டர். பிறகு அதை விட்டுவிட்டு வேறு வழிக்கு வந்தார்கள். உங்கள் கோட் எப்படியும் கிட்டில் இருக்கிறது. 'கிட் புஷ் ஹெரோகு மாஸ்டர்' என்று ஒரு வரி அடியுங்கள், மிச்சத்தை நாங்க பார்த்துக்கிறோம். அந்த ஒற்றை வரிதான் எல்லாத்தையும் மாற்றியது. 2010 டிசம்பரில் சேல்ஸ்ஃபோர்ஸ் 212 மில்லியன் டொலருக்கு அதை வாங்குவதாக அறிவித்தது.

அந்த வரியில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. அமெரிக்கர்கள் அதைப் பெரிதாகப் பேச மாட்டார்கள். கிட் புஷ் பண்ணும்போது மாறிய கோட் மட்டும்தான் போகும், சில கிலோபைட். நூற்றுக்கணக்கான லைப்ரரிகளை இறக்குவதும் கட்டுவதும் அங்கே, அவர்கள் நெட்டில். போன் ஹொட்ஸ்பொட்டில், சிக்னல் பிடிக்கிற ஒரே திண்ணையில் உட்கார்ந்து வேலை செய்கிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விசயம்! (கிட்டுக்கு 'இதை விட்டுடு' என்று சொல்கிற ஃபைலைப் போட மறந்து, நோட் மொடியூல்ஸ் ஃபோல்டரை முழுசாக ஏற்றி, ஒரு வாரத்து டேட்டாவை ஒரே ராத்திரியில் காலி பண்ணுகிறவர்கள் தனி ரகம்.)

ஆனால் அந்த ஒற்றை வரிக்குள் நிபந்தனைகள் ஒளிந்திருந்தன. வெள்ளைப் பக்கம் பிறந்தது அங்கேதான்.

முதலாவது போர்ட். வீட்டில் ஆப் 3000 அல்லது 5000ஆம் போர்ட்டில் காத்திருக்கும். ஹெரோகுவில் எந்தப் போர்ட் என்பதை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் மாறும். அந்த எண்ணை ஒரு சூழல் மாறியில் வைத்துத் தருவார்கள். ஆப் அதை வாசித்து, 60 வினாடிக்குள் அந்தப் போர்ட்டில் வந்து நிற்க வேண்டும். பெரட்டுக்களத்துல பேர் கூப்பிடும்போது ஆள் இல்லாட்டி அன்னைக்கு வேலை இல்ல, அதே கதைதான். லொக்கில் ஆர்10 என்று விழும். அதன் பின்னால் எச்10, ஆப் கிராஷ். கோடில் 5000 என்று எண்ணையே எழுதி வைத்தவரின் ஆப் உயிரோடுதான் இருக்கும். ஆனால் யாரும் தட்டாத கதவுக்குப் பின்னால். இன்னும் சிலர் போர்ட்டைச் சரியாக எடுத்துவிட்டு முகவரியை லோக்கல்ஹோஸ்ட் என்று விட்டிருப்பார்கள். அது தன் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்வது. வெளியிலிருந்து கேட்க வேண்டுமானால் 0.0.0.0 என்று கொடுக்க வேண்டும்.

எச்14 வந்தால் விசயம் வேறு: ஆப்பை எப்படித் தொடங்குவது என்றே ஹெரோகுவுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல 'ப்ரொக்ஃபைல்' என்று ஒரு ஃபைல் வேண்டும். விண்டோஸில் நோட்பேடில் அதை சேவ் பண்ணினால், பின்னால் சத்தமில்லாமல் 'டொட் டீஎக்ஸ்டீ' ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் அந்த வாலை மறைத்தே காட்டும். ஃபைல் கண்ணுக்கு முன்னாடி இருக்கும், ஹெரோகு இல்லை என்று சாதிக்கும். பாதி ராத்திரி இதிலேயே போகும்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்துப் பிரச்சினையும் விண்டோஸ் தந்த சீதனம்தான். விண்டோஸுக்கு ஃபைல் பெயரில் பெரிய எச்சும் சின்ன எச்சும் ஒன்று. மேலே இருக்கிற லினக்ஸுக்கு அவை வேறு வேறு ஆட்கள். 'ஹெடர்' என்ற ஃபைலைப் பெரிய எழுத்தில் சேவ் பண்ணிவிட்டு கோடில் சின்ன எழுத்தில் கூப்பிட்டால் வீட்டில் ஓடும், மேலே விழும். தமிழில் இந்தப் பெரிசு சின்னதே கிடையாது. நம்ம கண்ணுக்கு இந்தப் பிழை கடைசியாகத்தான் தெரியும்.

இதையெல்லாம் ஒரு மணி நேரத்தில் தீர்க்கலாம். மனதை உடைக்கிறது அடுத்ததுதான். ஹெரோகுவில் ஆப் ஓடுகிற பெட்டிக்கு 'டைனோ' என்று பெயர். ஒவ்வொரு டைனோவும் ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒருமுறை நின்று மறுபடி தொடங்கும். தொடங்கும்போது அதன் டிஸ்க் பழையபடி வெறுமையாகும். வீட்டில் எஸ்கியூலைட் டேட்டாபேஸ் ஒரு சின்ன ஃபைல். அதை அப்படியே ஏற்றினால் ஆப் எரரே காட்டாது, வடிவாக ஓடும். ஆள் பெயர் பதியலாம், போட்டோ ஏற்றலாம். அடுத்த நாள் பார்த்தால் எல்லாம் காலி. வெள்ளைப் பக்கம்கூட இல்லை, சத்தமில்லாமல் மறதி.

ஏன் இப்படிச் செய்தார்கள்? எந்தப் பெட்டியையும் எப்போதும் தூக்கி வீசலாம், இன்னொன்றை வைக்கலாம் என்பதுதான் அவர்கள் தத்துவம். நினைவில் வைக்க வேண்டியதை வெளியே, தனி டேட்டாபேஸில் வையுங்கள். அடம் விகின்ஸ் 2011 வாக்கில் இதையெல்லாம் 'ட்வெல்வ் ஃபெக்டர் ஆப்' என்று பன்னிரண்டு விதிகளாக எழுதி வெளியிட்டார். அமைப்புகளைக் கோடில் எழுதாதே, சூழலில் வை. லொக்கை ஃபைலில் எழுதாதே, வெளியே ஓட விடு. வீட்டுச் சூழலும் மேலே உள்ள சூழலும் முடிந்தளவு ஒன்றாக இருக்கட்டும். இன்றைக்கு எந்தக் கிளவுட்டுக்குப் போனாலும் இந்த விதிகள்தான் வேறு வேறு பெயரில் இருக்கும். என் கருத்து, பத்து யூடியூப் பாடத்தை விட அந்த ஒரு கட்டுரையை மெதுவாக வாசிப்பது மேல்.

நமக்கென்றே உள்ள பிழைகளும் உண்டு. அவை அந்தப் பன்னிரண்டில் கிடையாது. ஒன்று எழுத்து. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். 'கொ' என்பது இரண்டு குறி, ஆகவே 6 பைட். பழைய மலிவு ஹொஸ்டிங்கில் டேட்டாபேஸ் லத்தீன் எழுத்துக்கு மட்டும் அமைந்திருந்தால், வீட்டில் அழகாகத் தெரிந்த பெயர்கள் மேலே போனதும் வரிசையாகக் கேள்விக்குறியாகிவிடும். அதைத் திரும்ப எடுக்க முடியாது, கேள்விக்குறியாகவேதான் சேமிக்கப்பட்டிருக்கும். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய ஆவணங்களோ உள்ளே வெறும் ஆங்கில எழுத்து. அவை சேர்வரில் உடையாது, படிப்பவரின் போனில் உடையும்.

இன்னொன்று நேரம். கிளவுட் மெஷின்கள் உலகப் பொது நேரத்தில் ஓடும், நாம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். விடியுமுன் ஐந்து மணிக்குப் பால்வெட்டுக்குப் போகிறவரின் வரவை ஒரு ஆப்பில் பதிந்தால், சேர்வரின் கணக்கில் அது நேற்றைய திகதி. செக்ரோலில் இப்படி ஒரு பிழை விழுந்தால் ஒரு நாள் பேர் போச்சு. போதாதற்கு இலங்கை 1996இல் இரண்டு தடவை கடிகாரத்தை மாற்றி, 2006 ஏப்ரல் 15 அன்றுதான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. இந்தப் பத்து வருசத்துக்குள் வருகிற பிறந்த நேரங்களைக் கையாள்கிற ஆப் எழுதுகிறவர்களுக்கு (ஜாதக ஆப்காரர்களே, உங்களைத்தான்) இது தீராத தலையிடி.

சரி, இதெல்லாம் கோட். தேடினால் பதில் கிடைக்கும். இனி கார்டுக்கு வருவோம்.

ஹெரோகுவின் இலவசத் திட்டம்தான் உலகம் முழுக்க மாணவர்களை அங்கே இழுத்தது. 30 நிமிடம் யாரும் வராவிட்டால் ஆப் தூங்கிவிடும், அடுத்து வருகிறவர் சில வினாடி காத்திருக்க வேண்டும். பரவாயில்லை. ஆனால் அந்த இலவசத்துக்குள்ளும் இரண்டு சாதி இருந்தது. கார்ட் விவரம் கொடுக்காதவருக்கு மாதம் 550 மணி நேரம், கொடுத்தவருக்கு 1,000. காசு வெட்ட மாட்டார்கள், கார்ட் இருக்கிறது என்று காட்டினால் போதும். 31 நாள் மாதத்துக்கு 744 மணி. அதாவது கார்ட் உள்ளவரின் ஆப் மாதம் முழுக்க விழித்திருக்கலாம், இல்லாதவரின் ஆப் தூங்கித் தூங்கித்தான் மாதத்தைத் தள்ள வேண்டும். அப்படியும் நம்மவர்கள் அந்த 550 மணிக்குள் சமாளித்தார்கள். போன் நம்பர்கூட வேண்டாம், ஈமெயில் இருந்தால் போதும். கதவு திறந்து கிடந்தது என்று மேலே சொன்னது இதைத்தான்.

2022 ஏப்ரல். இந்த மாதத்தைச் சொல்லாமல் இந்த வரலாறு இல்லை. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. ஏப்ரல் 12 அன்று இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 15 அன்று, கிட்ஹப் ஒரு அறிவிப்பு விட்டது: ஹெரோகுவுக்குக் கொடுத்திருந்த அனுமதிச் சாவிகளை யாரோ திருடி, கிட்ஹப் கணக்குகளுக்குள் போயிருக்கிறார்கள். ஹெரோகு கிட்ஹப்போடு இருந்த இணைப்பை வெட்டியது. ஒரு மாதத்துக்கு மேல் வெட்டியே கிடந்தது. கிட்ஹப்பில் மாற்றினால் தானாக மேலே போகும் என்ற பட்டனை நம்பியிருந்தவர்களுக்கு எல்லாம் நின்றது. இங்கே பல பிள்ளைகளுக்கு எது கோளாறு என்றே விளங்கியிருக்காது. கரண்டா, டவரா, கோடா, ஹெரோகுவா? மருந்து என்னவோ பழைய ஒற்றை வரிதான்: கிட் புஷ். பட்டனை மட்டும் பழகியவர்களுக்கு அது தெரியாமல் இருந்தது.

அதே வருசம் ஓகஸ்ட் 25 அன்று ஹெரோகு அறிவித்தது: நவம்பர் 28 முதல் இலவசத் திட்டம் இல்லை. மோசடியும் துஷ்பிரயோகமும் அதிகமாகிவிட்டன, அதைச் சமாளிக்கவே ஆட்களைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். பொய் என்று நான் சொல்ல மாட்டேன். மாற்றாகத் தந்தது டைனோவுக்கு மாதம் 5 டொலர், சின்ன டேட்டாபேஸுக்கு 5 டொலர். அமெரிக்காவில் இரண்டு கோப்பி.

வருசத் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. நவம்பரில் 360ஐத் தாண்டியிருந்தது. அந்தப் பத்து டொலர் ஏறக்குறைய 3,600 ரூபா. 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த தோட்ட நாட்சம்பளம் 1,000 ரூபா, 2022இலும் அதுவேதான். ஒரு மாதம் ஒரு லிங்க் உயிரோடு இருக்க அம்மா மூன்றரை நாளுக்கு மேல் கொழுந்தெடுக்க வேண்டும். யார் கேட்பா? எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்?

காசு இருந்தாலும் கதை முடியவில்லை. வங்கிப் புத்தகம் இருக்கும், ஏ.டி.எம். கார்ட் இருக்கும். டொலரில் ஒன்லைனில் கட்டுவது அந்த வருசம் பல வங்கிகளில் வெட்டிக் குறைக்கப்பட்டிருந்தது. அதையும் தாண்டினால் 'பில்லிங் முகவரி' என்று ஒரு பெட்டி. தெருப் பெயர், வீட்டு இலக்கம். லயத்தில் இருப்பவருக்குத் தெருவும் இல்லை, தனி இலக்கமும் இல்லை. தோட்டத்தின் பெயரும் டிவிசனும்தான் முகவரி, கடிதம் வருவது தோட்ட ஒப்பீஸுக்கு. வாக்காளர் இடாப்பிலிருந்து பாஸ்போர்ட் வரை தலைமுறையாகக் கேட்கிற அதே கேள்வியை, கலிபோர்னியாவில் எழுதிய ஒரு ஃபோர்மும் கேட்டது.

நவம்பர் 28க்குப் பிறகு எத்தனையோ லிங்க்குகள் செத்தன. சி.வி.யில் அச்சடித்துக் கொடுத்த லிங்க்கை அமுக்கினால் மீண்டும் அதே வெள்ளைப் பக்கம். இந்தத் தடவை கோடில் பிழை எதுவும் இல்லை.

இதைத் தோட்டத்துப் பிள்ளைகளின் ஏழ்மைக் கதையாக மட்டும் வாசித்துவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்றையும் சொல்கிறேன். 2023 ஓகஸ்ட் 26 அன்று இலங்கை அரசின் சொந்தக் கிளவுட்டான 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' மீது ரான்சம்வெயார் தாக்குதல் நடந்தது. அரசின் ஈமெயில்கள், அமைச்சரவை அலுவலகத்தினுடையது உட்பட, மே 17 முதல் தாக்குதல் நாள் வரையிலானவை தொலைந்தன. அந்த இடைக்காலத்துக்கு மீட்கக்கூடிய பேக்கப் இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் அந்த ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தது. புதுப்பிக்கத் திட்டம் இருந்தது, பணமும் முடிவும் தள்ளிப் போயின. எஸ்கியூலைட் ஃபைலை டைனோவில் விட்டு அடுத்த நாள் காலியாகப் பார்த்த பிள்ளைக்கு இது விளங்கும். அந்தப் பிள்ளைக்கு அடுத்த தடவை புத்தி வந்தது ஒரு ராத்திரியில்.

ஹெரோகு போன பிறகு ஆட்கள் நாலா பக்கமும் சிதறினார்கள். நல்ல வேளை, கோட் கிட்டில் இருந்தது, டேட்டாபேஸ் எங்கேயும் ஓடுகிற போஸ்ட்கிரெஸ்; துண்டு இல்லாமலே மாறிப் போக முடிந்தது. ரெண்டருக்குப் போனவர்களின் ஆப் 30 நிமிடத்துக்குப் பதில் 15 நிமிடத்தில் தூங்கியது. ரெயில்வே 2023இல் தன் இலவசத் திட்டத்தை மாற்றியது. பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டாகக் கற்ற கிளிச், 2025 ஜூலை 8 அன்று ஆப்களை ஹொஸ்ட் பண்ணுவதையே நிறுத்தியது. 2008இலிருந்து இன்றுவரை அசையாமல் நிற்பது கிட்ஹப் பேஜஸ். ஆனால் அதில் சேர்வர் கிடையாது, வெறும் பக்கங்கள்தான். பழைய பரீட்சைத் தாள்கள், பஸ் நேரம், ஊர் தகவல் போன்றவற்றுக்கு அது தாராளம். உண்மையைச் சொன்னால், நாம் டேட்டாபேஸ் போட்டுக் கட்டிய பலவற்றுக்கு டேட்டாபேஸே தேவையிருக்கவில்லை.

இப்போது குழுவில் யாராவது ஒரு புதுப் பிளட்போமின் பெயரைப் போட்டால் எந்த மொழி ஓடும் என்று யாரும் முதலில் கேட்பதில்லை. "கார்ட் கேக்குதா?" என்பதுதான் முதல் மெசேஜ். இரண்டாவது, "டேட்டாபேஸ் எத்தனை நாள் இருக்கும்?" ரெண்டரின் இலவச டேட்டாபேஸுக்கு முன்பு 90 நாள். 2024இலிருந்து 30.